கொலுவுக்குப் பின்னால் ஒரு கூட்டம்

விளாச்சேரிக்குப் போகிறவர்கள் பொம்மைக்குக் கண் எழுதுவதைப் பார்க்கத்தான் போவார்கள். பார்க்க வேண்டியதுதான்! மண்ணைப் பிசைந்து, இரண்டு பாதி அச்சில் அழுத்தி, எடுத்து ஒட்டி, நிழலில் ஆறவிட்டு, வெயிலில் காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, வண்ணம் பூசி, எல்லாம் முடிந்த பிறகு ஒரு மெல்லிய தூரிகை மீனாட்சியின் முகத்தில் நாலு கோடு இழுக்கும். அந்த நொடியில் மண் நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

எனக்குக் கிடைத்தது அதைவிட உள்ளே ஓர் இடம். அந்த மண்ணுக்கும் விறகுக்கும் வண்ணத்துக்கும் பணம் எங்கே பிறக்கிறதோ, அந்த இடம். மகளிர் குழுக் கூட்டம்! வெளியாளை எளிதில் உட்காரவிடாத கூட்டம் அது. “ஓரமா உக்காந்துக்கங்க. யாரு எவ்வளவு வாங்குறாகன்னு பேரு போட்டு மட்டும் எழுதிராதீக” என்று ஒரே ஒரு நிபந்தனை. அதனால் இந்தக் கட்டுரையில் அவர்கள் பெயர் இல்லை. மற்றதெல்லாம் உண்டு.

மதுரையில் பசுமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது விளாச்சேரி. வைகாசி மாதத்து ஞாயிறு, விளக்கு வைக்கும் நேரம். ஒரு வீட்டின் முன்னறையில் கோரைப்பாய் விரித்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சுடாத தசாவதாரம். இன்னும் நிறம் வராத மச்சமும் கூர்மமும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்க, அவற்றுக்கு முதுகைக் காட்டிப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வந்த வேகத்தில் விரல் இடுக்கில் ஒட்டிய மண்ணைக்கூடச் சரியாகக் கழுவாதவர்கள் பாதிப் பேர்.

முதலில் சேமிப்பு. ஒவ்வொருவரும் பணத்தை நீட்டும்போது தொகையை உரக்கச் சொல்கிறார்கள். கூட்டத்தை நடத்தும் ஊக்குநர் எழுதிக்கொண்டு அதே தொகையைத் திரும்பச் சொல்கிறார். எழுதத்தான் போகிறாரே, ஏன் இந்தச் சத்தம் என்று பக்கத்தில் இருந்த மூத்த அம்மாவிடம் கேட்டேன். “எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல தாயி. நோட்டுல என்ன எழுதுதுகன்னு எனக்கெப்படித் தெரியும்? காதுல விழுந்திருச்சுன்னா மறக்க மாட்டேன்” என்றார். பிறகுதான் கவனித்தேன். தொகை சொல்லப்படும்போதெல்லாம் அவர் உதடு லேசாக அசைகிறது. அந்தக் குழுவின் இரண்டாவது பேரேடு அவர்!

எத்தனை பெரிய இயக்கத்தின் ஓர் இழை இந்தப் பாய்! தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியது 1989இல், தருமபுரியில், சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு. 1992இல் நபார்டு வங்கி ‘ஒரு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்ப்போம்’ என்று ஒரு முன்னோட்டம் ஆரம்பித்தது. இன்று நாடு முழுக்க வங்கிக் கணக்கு வைத்திருக்கும் குழுக்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. மதுரைக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு. களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்கள் 1990இல் முளைத்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். புல்லுச்சேரியைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளை அதில் தலைவியாக வளர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வாங்க மேடை ஏறியபோது, பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. விளாச்சேரிப் பாயில் அந்தப் பேச்சு வந்ததும் அத்தனை முகமும் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. தங்கள் வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோல ஆளுக்கு ஒரு வரி சொன்னார்கள்.

இனிதான் உச்சக்காட்சி. கடன் கேட்கும் நேரம்.

முப்பது வயதைத் தாண்டியிருக்காத ஒரு பெண் தொண்டையைச் செருமினார். “எனக்கு நாப்பதாயிரம் வேணும். கொலுவுக்கு.”

வங்கியாக இருந்தால் இதற்கு ஒரு விண்ணப்பம், சில நகல்கள், காத்திருப்பு. இங்கே கேள்விகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் பாய்ந்தன.

“புது அச்சா, பழைய அச்சா?”

“கல்யாண செட்டு போன வருசமே உனக்கு மிஞ்சிப் போச்சுல்ல?”

“இம்புட்டையும் எங்க காயப் போடுவ? ஆவணியில சாயங்கால மழை வந்தா உங்கூட்டுல ஒதுங்க எடம் இருக்கா?”

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. தொழில் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் இவை! எந்த அச்சு விற்கும், எது பரணில் தூங்கும், ஒரு வீட்டு முற்றம் எத்தனை பொம்மையைத் தாங்கும் என்று தெரிந்த பதினான்கு பேர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணும் சளைக்கவில்லை. இந்த வருடம் புது செட்டு ஒன்று, அதற்குச் சென்னைக் கடைக்காரர் ஒருவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார், பாதியைக் காகிதக்கூழில் செய்வதால் வெயிலை அவ்வளவு நம்ப வேண்டியதில்லை என்று அடுக்கினார்.

அப்போதுதான் அந்த மூத்த அம்மா வாயைத் திறந்தார். “செவ்வாக்கெழம காலையில ஓன் வாசல்ல ஒரு பைக் நிக்குதே. அது எந்த லோனு?”

அறை அமைதியானது. அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி சொன்னார், வாரத் தவணைக் கடன் ஒன்று இருக்கிறது, இன்னும் எட்டு டியூ பாக்கி என்று.

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல்தான் நாடே திண்டாடியிருக்கிறது. ஒரே வீட்டுக்கு நான்கைந்து சிறுகடன் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்து, திருப்பிக் கேட்டு நெருக்கியதில் 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதியின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஈடில்லாமல் கடன் கொடுக்கும்போது, எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. ஒரு வீட்டுக்கு எத்தனை கடன் என்று கண்டுபிடிக்க நிறுவனங்கள் கடன் தகவல் அறிக்கைகளைப் புரட்ட வேண்டும். இங்கே வாசலில் நிற்கும் பைக்கைப் பார்த்தாலே போதும்.

தீர்ப்பு இதோ. இப்போது 25,000. அந்த எட்டு டியூவும் முடிந்த பிறகு, ஆடியில் மீதி 15,000. “ஆடியில வண்ணம்தான வாங்கப் போற? இப்ப எதுக்கு அந்தக் காசு சும்மா கெடக்கணும்?” என்றார் இன்னொரு மதினி. கேட்டவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அவரே சிரித்துவிட்டார்.

வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். ஆனி முதல் புரட்டாசி வரை வட்டி மட்டும். 25,000த்துக்கு மாதம் 250. முதலில் பாதி, கொலு வியாபாரம் முடிந்து ஐப்பசியில். கார்த்திகை அகல் விளக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் விற்றுக் கைக்குக் காசு வந்த பிறகு, தை பிறந்ததும் மறுபாதி. இப்படியொரு தவணை அட்டவணையை நான் எந்த வங்கிச் சுவரிலும் பார்த்ததில்லை! ஈர மண் தன் நேரத்துக்குத்தான் காயும், பொம்மை தன் மாதத்தில்தான் விற்கும். வாங்கிய மறுவாரமே தவணை கேட்கும் கடன், காயாத பொம்மையை விற்கச் சொல்லும் கடன். விளாச்சேரிப் பெண்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தவணை போடுகிறார்கள்.

தண்டல்காரரிடம் போனால் இதே கதை எப்படி இருக்கும் என்று என் குறிப்பேட்டிலேயே கணக்குப் போட்டேன். வழக்கமான தண்டல், 10,000 என்று எழுதிக் கையில் 9,000 தருவார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் கரைவதையும் சேர்த்து ஆண்டு வட்டியாக மாற்றினால் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது! குழுவில் 12 சதவீதம். அந்த 12ம் வெளியே போவதில்லை, பாயில் இருக்கும் பதினைந்து பேரின் பொதுப்பணத்தில்தான் சேர்கிறது. குறிப்பேட்டை எட்டிப் பார்த்த ஊக்குநர், “இத்தன வருசம் எங்க அம்மா அதத்தான் கட்டுச்சு” என்றார்.

கூட்டம் முடிந்ததும் கடன் வாங்கிய பெண்ணைத் திண்ணையில் பிடித்தேன். இந்தப் பணம் வந்ததால் என்ன மாறும் என்று கேட்டேன்.

“ஆனியிலயே யாவாரி வருவாருக்கா. கையில காசு இருக்காதுன்னு அவருக்குத் தெரியும். முன்பணம் கொடுத்து அவர் வெலைக்கே எல்லாத்தையும் பேசி முடிச்சிருவாரு. விறகுக்கும் வண்ணத்துக்கும் எங்கிட்ட காசு இருந்துச்சுன்னா, ‘ஆவணியில வாங்கண்ணே’ம்பேன். அப்ப நாஞ் சொல்றதுதான் வெலை.”

எவ்வளவு தெளிவு! நான் தேடிப் போனது இந்தப் பதில்தான். பொம்மையைச் செய்வதற்கான கை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, அச்சும் இருக்கிறது. இல்லாமல் இருந்தது காத்திருக்கும் தெம்பு. அந்த 25,000 ரூபாய் ஆனிக்கும் ஆவணிக்கும் நடுவில் உள்ள இரண்டு மாதத்தை வாங்கித் தருகிறது. சிறுகடன் ஏழ்மையை ஒழித்துவிடும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு அவ்வளவு பெரிய வார்த்தை வேண்டாம். செய்தவள் சொன்ன விலைக்கு ஒரு பொம்மை விற்றால், அதற்காகவே நான் கை தட்டுவேன்.

வெளியாட்கள் பார்க்காத இன்னொரு காட்சியும் அன்று கூட்டம் கலையும் முன்பு நடந்தது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து. ஆளுக்கு ஆள் நேரம் எடுத்துக்கொண்டு போடுகிறார்கள். மூத்த அம்மா ரேகை வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். வங்கி இந்தப் புத்தகத்தைத்தான் கேட்கும். கூட்டம் தவறாமல் நடக்கிறதா, சேமிப்பு ஒழுங்கா, உள்கடன் சுற்றுகிறதா, திரும்பி வருகிறதா, கணக்கு எழுதியிருக்கிறதா என்ற ஐந்தையும் பார்த்துத் தரம் பிரித்த பிறகே பெரிய கடன். அதற்கு அடமானம் கிடையாது. ஈடில்லாக் கடனின் உச்சவரம்பு குழுவுக்கு 10 லட்சமாக இருந்தது, 2021இல் 20 லட்சமாக உயர்ந்திருக்கிறது.

அந்தப் பெரிய கடனைச் சொன்னதும் கிளம்பிக்கொண்டிருந்த கூட்டம் மறுபடி உட்கார்ந்துவிட்டது! பொதுவில் ஒரு கூரைக் கொட்டகை போட வேண்டும் என்று ஒரு கட்சி. ஐப்பசி மழையில் கிறிஸ்துமஸ் பொம்மை காய இடமில்லாமல் வருடா வருடம் நனைகிறதாம். கொட்டகை யார் இடத்தில் வரும், யார் செட்டுக்கு முதல் இடம், வாடகை உண்டா இல்லையா என்று இன்னொரு கட்சி. குரல்கள் ஏறின. ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தை மூடிவிட்டு, இது அடுத்த ஞாயிறு என்று அறிவித்தார். யாரும் கேட்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தபோதும் வாசலுக்கு வாசல் அதே வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது: “கொட்டகையப் போடு, ஆனா தெக்க பாத்துப் போடு. வடக்க போட்டா என் சூளப் பொகை பூராவும் ஓன் பொம்மை மேலதான் அடிக்கும், பாத்துக்க மதினி!”