கம்பத்தைத் தொடும் கை

மொனராகலை–பசறை வீதியோரத் தோட்டம் ஒன்றில், கடைசி லயத்து முனையில் ஓர் இரும்புக் குழாய்க் கம்பம். நெஞ்சுயரத்தில் வீதி விளக்கின் சுவிட்ச். மூடி எப்போதோ போய்விட்டது. சொப்பிங் பேக்கைச் சுற்றிச் சணலால் கட்டியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து விளக்கைப் போடுகிறது. காலில் செருப்பில்லை.

“பயமில்லீங்க சார், பியூஸ் இருக்குதானே” என்றார் பிள்ளையின் தகப்பன்.

இந்த நம்பிக்கைதான் என்னைத் தூங்கவிடவில்லை. வயர் சூடேறித் தீப்பிடிக்காமலிருக்கத்தான் பியூஸ். ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொடுபவர் உடலில் கால் அம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம். 6 அம்பியர் பியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது.

எர்த் இருக்கிறதே என்பீர்கள். ஆனி, ஆடி, ஆவணி வெயிலில் மொனராகலை மண் பாளம் பாளமாக வெடிக்கும். காய்ந்த மண்ணில் எர்த் கம்பியின் தடை 50 ஓம் என்று வையுங்கள். உள்ளே வயர் உரசிக் கம்பத்துக்கு மின்சாரம் ஏறினால் மண்ணுக்குள் இறங்குவது 4.6 அம்பியர்தான். பியூஸ் எரியாது. விளக்கும் அணையாது. கம்பம் மட்டும் ஏறக்குறைய முழு வோல்ட்டோடு நிற்கும்.

ஐப்பசி இடிமழையில் பியூஸ் போனால் இன்னும் மோசம். கையில் கிடைத்த செப்புக் கம்பியை இரண்டாக மடித்துச் செருகிவிடுகிறார்கள். அதன்பின் வயருக்கும் காவலில்லை.

ட்ரிப் சுவிட்ச் வேறு ரகம். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தாலே 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். மின்னலுக்கெல்லாம் அது விழுந்து, யானை இறங்கும் பாதை இருண்டுவிடும் என்கிறார்கள் சிலர். மின்னல் தடுப்பி போட்டு, நாலைந்து விளக்குக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபைப் பணம் வரும் வழியை அடைத்திருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இப்போது விளக்கு கேட்டு மனு எழுதுகிறோம். விளக்கை மட்டும் கேட்கிறோம்.

அடுத்த மனுவில் ட்ரிப் சுவிட்ச், மூடியுள்ள பெட்டி, வெயில் காலத்தில் எர்த் சோதனை மூன்றையும் சேர்த்தெழுதச் சொன்னேன். தகப்பன் தலையாட்டினார். அதுவரை பிள்ளையை அனுப்பாமல், தானே செருப்பு மாட்டிக்கொண்டு, காய்ந்த குச்சியால் சுவிட்சைத் தட்டுவதாகச் சொன்னார்.