கருமணலுக்குக் கருத்துக் கேட்பு உண்டா?

ஜனவரி 26 கிராம சபை நெருங்குகிறது. அஞ்சுகிராமம், மயிலாடி பக்கத்திலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ‘கிள்ளியூர் கருமணல் கருத்துக் கேட்புக் கூட்டம் மறுபடி எப்போது? நாங்களும் போய்ப் பேசலாமா?’

குமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவின் கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் விண்ணப்பித்த திட்டம் அது. 2024 அக்டோபர் 1-இல் பத்மநாபபுரத்தில் நடப்பதாக இருந்த கூட்டம், எதிர்ப்பு கிளம்பியதால் தள்ளிப்போனது. தேதி சொல்வார்கள் என்று பலர் இன்னும் காத்திருக்கிறார்கள். இடையில் விதியே மாறிவிட்டது.

2025 செப்டம்பர் 8-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும் ‘முக்கிய, உத்திசார்’ கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்ட இனி மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்கிறது அது. இதற்கு இடம் கொடுத்தது 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருந்த ஒரு வரி: தேசப் பாதுகாப்பு, ‘மற்ற உத்திசார் காரணங்கள்’ சார்ந்த திட்டங்களுக்கு விலக்கு. எது உத்தி என்பதை மத்திய அரசே தீர்மானிக்கும். அறிவிக்கையையே திருத்துவதானால் வழக்கமாக வரைவு போட்டு 60 நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும். குறிப்பாணைக்கு அது தேவைப்படவில்லை.

என்னை உறுத்துவது அடுத்த கண்ணி. நம் கரையில் அலை இறங்கியதும் கறுப்புக் கோடு போட்டதுபோல் தங்கும் மணலில் பெரும்பங்கு இல்மனைட். அது வெள்ளைப் பெயின்ட்டுக்குப் போகிறது. கார்னெட் உப்புத்தாளுக்குப் போகிறது. அணுசக்தித் துறைக்கு வேண்டிய தோரியம் முக்கியமாக அதே மணலில் உள்ள மோனசைட்டில் இருக்கிறது. 1909-இல் மணவாளக்குறிச்சியிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் ஒரு ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். ஆனால் சுரங்க, கனிமச் சட்டத்தின் அணுக் கனிமப் பட்டியலில் ‘தேரி அல்லது கடற்கரை மணலில் உள்ள கனிமங்கள்’ என்று இல்மனைட், கார்னெட், சிர்கான் எல்லாம் ஒரே வரியில் வருகின்றன. பெயின்ட்டுக்கும் உப்புத்தாளுக்கும் போகிற மணலுக்கும் அணு ரகசியத்தின் விலக்கு கிடைத்துவிடுகிறது.

இந்த விலக்கால் போனது என்ன? கருத்துக் கேட்பில் ஓட்டெடுப்பு கிடையாது; ஆயிரம் பேர் எதிர்த்தாலும் திட்டம் அதனாலேயே நின்றுவிடாது. ஆனாலும் கலெக்டரோ கூடுதல் கலெக்டரோ முன்னால் உட்கார்ந்திருப்பார், கேமரா ஓடிக்கொண்டிருக்கும். பேசியதையெல்லாம் கடைசியில் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். ‘வள்ளம் ஏற்றி வைக்கிற கரை போய்விட்டால் எங்கே போவோம்?’ என்று மிடாலத்துப் பெண் ஒருவர் கேட்டால் அது பதிவாகும், நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், அந்தக் கேள்வியும் பதிலும் திட்டத்தை மதிப்பிடும் டெல்லி நிபுணர் குழுவின் மேசைக்குப் போகும். இனி அந்தக் குழு நம் கரையைப் பற்றி முதலில் படிக்கப்போவது, நிறுவனம் காசு கொடுத்துத் தயாரித்த அறிக்கையைத்தான். ‘ஆய்வு கடுமையாகவே நடக்கும்’ என்ற மத்திய அரசுத் தரப்பின் உறுதிமொழியை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுவே. குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லி 2025-இல் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

மற்ற கேள்விகள்:

மணல் எடுத்தால் கதிர்வீச்சு குறையுமாமே? மோனசைட் நீங்கிய இடத்தில் குறையலாம். தோண்டும்போது பறக்கும் தூசிக்கும், பிரித்ததைக் குவிக்கும் இடத்துக்கும் அந்த ஒரு வாக்கியம் பதில் ஆகாது.

தனியார் வருவார்களா? 2019 முதல் மணலில் துளி மோனசைட் இருந்தாலும் அது அரசு நிறுவனங்களுக்கே.

கிள்ளியூர் மேற்குக் கோடி, எங்களுக்கென்ன? அணுக் கனிமப் பட்டியலில் தாலுகா பெயர் இல்லை, ‘தேரி’ என்றும் ‘கடற்கரை’ என்றும்தான் இருக்கிறது. உங்கள் கரைக்கும் நாளை இதே விதிதான்.

26-ஆம் தேதி தீர்மானம் போடலாமா? அஞ்சுகிராமம் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது, மனுவைப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பக்கத்து ஊராட்சிக்காரர்கள் தீர்மானத்தைக் கையோடு பதிவேட்டில் எழுதவைத்து, நகல் கேட்டு வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.