கொள்ளிடக் கரையில் இடம் மாறிய கற்கள்

கெடிலம், பெண்ணையாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலும் பரவிய கடலூர், சிதம்பரம் சமவெளியில் கட்டடத்துக்கு ஏற்ற கருங்கல் கிடைப்பதில்லை. கடலூரை ஒட்டிய கேப்பர் மலையிலும் மென்மையான மணற்கல்லும், இரும்புச்சத்து மிகுந்து சிவந்த செம்புரைக்கல்லுமே காணப்படுகின்றன. ஆதலால் கடலூர் செம்மண்டலத்தில் எழும் வீட்டின் கடைக்காலுக்கானாலும், சிதம்பரம் நடராசர் கோயிலின் தூணுக்கானாலும், கருங்கல் தொலைவிலிருந்தே வந்தாக வேண்டும். ஒரு கனமீட்டர் கருங்கல்லின் எடை ஏறத்தாழ 2.7 டன் என்பதால், இங்கு ஒருமுறை வந்து சேர்ந்த கல்லை மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் இயல்பாகவே தோன்றக்கூடியது.

அந்த எண்ணம் பெரிய அளவில் செயலான இடம் அணைக்கரை. 1836-இல் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதில் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் அணைக்கட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. தடுக்க முயன்ற ஊர் மக்கள் தண்டிக்கப்பட்டதையும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித்தரப்படும் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படாததையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பொன்று வருத்தத்துடன் பதிவு செய்துள்ளது. கீழணை வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன் வாய்க்காலின் வழியே சிதம்பரம் பகுதி வயல்களுக்கும் நீர் தந்து வருகிறது. ஆயினும் அந்த நன்மை, 2004-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட ஒரு கோயிலின் மதிலையும், அதில் பொறிக்கப்பட்டிருந்திருக்கக்கூடிய செய்திகளையும் விலையாகக் கொண்டது.

அதே கொள்ளிடக் கரையில், கீழணை கட்டப்படுவதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு மாறான நெறி நிலவியது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்ட முதலாம் இராசராசன், அதிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். பணி முடிந்தபின், இராசேந்திரன் காலத்தில், அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. பிரிப்பதற்கு முன் பதிவு செய்ய வேண்டும் என்பதும், உயிரோடு நிற்கும் கட்டடத்தைக் கற்சுரங்கமாகக் கருதக்கூடாது என்பதும் இவ்விரு நிகழ்வுகளும் சேர்ந்து கற்பிக்கும் பாடமாகும்.

இப்பாடம் இன்று சுற்றுச்சூழல் நோக்கிலும் பொருள் பெறுகிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் நேர்கிறது. கருங்கல்லோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையே உருவாக்கி முடித்த பொருள். அதை வெட்டவும், செதுக்கவும், ஏற்றிச் செல்லவும் மட்டுமே ஆற்றல் செலவாகிறது. இடிக்கப்படும் வீட்டின் வாசற்படிக்கல், கிணற்றுக்கல், தளக்கல், கடைக்கால் கல் ஆகியவற்றை அருகிலேயே முழுதாகப் பயன்படுத்தினால், வெட்டும் செலவு அடியோடு நீங்கி, போக்குவரத்தும் பெரிதும் குறைகிறது. அவற்றை உடைத்து ஜல்லியாக்குவது குப்பையில் கொட்டுவதைவிட மேலானதே எனினும், கல்தச்சரின் உழைப்பு அதில் வீணாகிறது.

ஒரு கல் மீண்டும் பயன்படுமா என்பதைப் பெரும்பாலும் அதைப் பிணைத்த சாந்தே முடிவு செய்கிறது. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. ஆகவே உளியால் தட்டினால் அது உதிர்ந்து, கல் விளிம்பு சிதையாமல் பிரிந்து வருகிறது. சுண்ணாம்பைச் சுட ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். சிமெண்டுக்கோ 1450 பாகை தேவை. மேலும், சுண்ணாம்பு இறுகும்போது சுடுகையில் வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப ஈர்த்துக்கொள்கிறது. சிமெண்ட் சாந்து இறுகப் பற்றிக்கொள்வதால், பிரிக்கும்போது கல்லின் விளிம்புகள் உடைந்துபோகின்றன.

பழைய கல்லைச் சோதித்தே ஏற்க வேண்டும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலிப்பது நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். கடற்கரைச் சுவரிலிருந்து எடுத்த செம்புரைக்கல்லின் துளைகளில் உப்புப் படிந்திருக்கும் என்பதால், நன்னீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவிய பின்னரே பயன்படுத்துவது நல்லது. கல் அமுக்க விசையை நன்கு தாங்கும். வளைக்கும் விசையை அந்த அளவுக்குத் தாங்காது. எனவே கடைக்கால், சுவர், படி, தளம் ஆகியவற்றுக்கு அது ஏற்றது. உத்தரமாக வைப்பதற்குப் பொறியாளரின் ஒப்புதல் தேவை.

2016-ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குவோர், கான்கிரீட், மண், இரும்பு, மரம், செங்கல் முதலியவற்றைத் தரம்பிரிக்க வேண்டும் எனப் பணித்தன. அந்தப் பட்டியலில் கல் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. இடிப்பதற்கு அனுமதி வழங்கும்போதே, அக்கட்டடத்தில் உள்ள கற்களை அளந்து, படமெடுத்து, எண்ணிட்டுப் பட்டியலிட வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகள் கோரினால், வாங்குவோர்க்குக் கல் எளிதில் கிடைக்கும். வரலாற்று மதிப்புடையவையும் அடையாளம் காணப்படும். கருங்கல் கிடைக்காத இச்சமவெளியில், முன்னோர் அரும்பாடுபட்டுச் சேர்த்த கற்களைக் காப்பது ஒரு பொதுக் கடமை; இன்று எழுப்பும் சுவரையும் நாளை சேதமின்றிப் பிரிக்கும்படி கட்டினால்தான் அக்கடமை முழுமை பெறும்.