கேட் இல்லை... ஆனா டிக்கெட் உண்டு!

மேற்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பப் போற ஆளா நீங்க? பாஸ்போர்ட் ரெடி, விசா ரெடி, அம்மா அரைச்சுக் கொடுத்த சாம்பார் பொடியும் ரெடி. சரி, ஏர்போர்ட்ல இறங்கினதும் ரெண்டு பெட்டியை இழுத்துக்கிட்டு ஹாஸ்டலுக்கு எப்படிப் போகப் போறீங்க? 'அங்க போய்ப் பார்த்துக்கலாம் மச்சி' என்கிற கட்சியா? அப்படின்னா ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க!

2022-23 கல்வியாண்டில், ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களை முந்தி இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். அதில் நம்ம பசங்களும் நிறைய. பார்ட் டைம் வேலை கிடைக்கும் வரை ஒவ்வொரு யூரோவையும் எண்ணி எண்ணிச் செலவு செய்கிற அந்த முதல் சில மாதங்களில், பர்ஸைப் பதம் பார்க்கக் காத்திருக்கும் விஷயம்... போக்குவரத்து!

வித்தவுட் ஆகாதீங்க!

ஜெர்மன் ரயில் நிலையங்களில் நம்ம சென்னை மெட்ரோ மாதிரி கேட் கிடையாது. யாரும் தடுக்க மாட்டார்கள். நேராக நடந்துபோய் ரயிலில் ஏறலாம். 'அட, ஃப்ரீயா?' என்று தோன்றும். அங்கதான் இருக்கு ஆப்பு! உங்கள் பக்கத்தில் ஜீன்ஸ் போட்டு நிற்பவரே டிக்கெட் பரிசோதகராக இருக்கலாம். பல ஊர்களில் யூனிஃபார்ம் இல்லாமல்தான் வருவார்கள். மாட்டினால் 60 யூரோ!

டிக்கெட் வாங்கியும் மாட்டுகிறவர்கள் உண்டு. எப்படி? மூனிச், பெர்லின் போன்ற ஊர்களில் மெஷினில் எடுத்த பேப்பர் டிக்கெட்டை, பிளாட்பாரத்திலோ பஸ்ஸிலோ இருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து நேர முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். 'ஊருக்குப் புதுசு சார்' என்று கெஞ்சினாலும் பெரும்பாலும் எடுபடாது. திரும்பத் திரும்ப மாட்டினால் அபராதத்தோடு முடியாது, போலீஸ் கேஸ் வரை போகலாம். படிக்கப் போன இடத்தில் அது தேவையா பாஸ்?

ஒரு ஆறுதல்... உங்கள் பெயரிலேயே பாஸ் இருந்து, அதை ரூமில் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்க் காட்டினால், 60 யூரோ வெறும் 7 யூரோவாகக் குறைந்துவிடும்.

ஒரே பாஸ், நாடு முழுக்க!

2023 மே மாதம் அறிமுகமான 'டாய்ச்லாண்ட் டிக்கெட்'தான் மாணவர்களின் செல்லப் பிள்ளை. மாதம் 49 யூரோவில் ஆரம்பித்து, 2025-ல் 58, 2026 ஜனவரியில் 63 யூரோ என்று ஏறியிருக்கிறது. நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் செல்லும். பல பல்கலைக்கழகங்கள் இதையே சலுகை விலையில் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்துத் தருகின்றன. அதனால் முதலில் காலேஜில் விசாரித்துவிட்டு, அப்புறம் வாங்குங்கள்.

ரெண்டு விஷயத்தில் உஷார்! ஒன்று, ஐ.சி.இ., ஐ.சி. எனும் எக்ஸ்பிரஸ் ரயில்களில் இது செல்லாது. இரண்டு, இது மாதாமாதம் தானாகவே பணம் பிடிக்கும் சந்தா. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். மறந்தால் அடுத்த மாதக் காசும் காலி!

ரயில் ரெண்டாப் பிரியும்

லீவுக்கு ஊருக்கு வரீங்க. மூனிச் நகரிலிருந்து 'எஸ்-1' ரயிலில் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பி, காதில் பாட்டு ஓட நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். நோய்ஃபார்ன் என்கிற ஸ்டேஷனில் ரயில் ரெண்டாகப் பிரியும். ஒரு பாதி ஏர்போர்ட்டுக்கு, இன்னொரு பாதி ஃப்ரைசிங் ஊருக்கு! தப்பான பெட்டியில் இருந்தால் உங்களுக்கு டாட்டா காட்டிவிட்டு ஃப்ளைட் பறந்திருக்கும். ஏறும்போதே பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்ப்பது நல்லது.

'ஜெர்மன் ரயில்னா கடிகாரம் மாதிரி' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 2024-ல் நீண்டதூர ரயில்களில் 62.5 சதவிகிதம்தான் சரியான நேரத்துக்கு வந்தன. அதுவும், 6 நிமிடத்துக்குள் தாமதமானவற்றையும் 'சரியான நேரம்' என்று கணக்கில் சேர்த்த பிறகு! ஸோ, இன்டர்வியூ, ஃப்ளைட் என்றால் ஒரு ரயில் முன்னாடியே கிளம்புங்கள். போய்ச் சேர 60 நிமிடம் தாமதமானால் டிக்கெட் பணத்தில் 25 சதவிகிதம், 120 நிமிடம் என்றால் 50 சதவிகிதம் திரும்பக் கேட்கலாம். புயல் மாதிரி இயற்கைச் சீற்றம் காரணம் என்றால் கிடைக்காது. கூச்சப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பஸ்... காரு... சைக்கிள்!

ஜெர்மனியில் 2013 வரை, ரயிலுக்குப் போட்டியாக ஊர் விட்டு ஊர் பஸ் விடுவதற்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. அது தளர்ந்ததும் கிளம்பிய பச்சை நிற ஃபிளிக்ஸ்பஸ், 2024-ல் இந்தியாவுக்கே வந்துவிட்டது. முன்கூட்டியே புக் செய்தால் ரயிலைவிட மலிவாகக் கிடைக்கும். அதே ஊருக்குப் போகிற ஒருவரின் காரில் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு போகும் வழக்கமும் அங்கே உண்டு. 'பிளாபிளாகார்' ஆப்பில் ஓட்டுநரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். இருட்டில் விளக்கில்லாமல் போனால் 20 யூரோ அபராதம்! நடந்து போகும்போதும் கவனம்... அங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். ரோட்டைக் கடக்க, நம்ம ஊர்ப் பழக்கத்தில் வலது பக்கம் பார்க்காமல் முதலில் இடது பக்கம் பாருங்கள்.

கார் ஆசையா? நம்ம லைசென்ஸ் அங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் பாஸ் பண்ணணும். செலவும் எக்கச்சக்கம். படிக்கிற காலத்துக்குப் பாஸும் சைக்கிளும் போதும் மக்களே!

கேட் இல்லாத ஸ்டேஷன் என்பது, 'நீ டிக்கெட் எடுத்திருப்பாய்' என்று ஒரு ஊர் உங்களை நம்புவது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினால், உங்களுக்குப் பின்னால் வரப்போகிற நம்ம ஜூனியர்களுக்கும் மரியாதைதான். ஹேப்பி ஜர்னி!