பெயரைக் கடன் கொடுக்காதீர்கள்

வணிகச் சட்டப் பாடத்தில் தவறாமல் வரும் வழக்கு மோஹரி பீபி வழக்கு. 18 வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் அதில் தீர்ப்பளித்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அந்த நிலை இன்றும் மாறவில்லை. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இந்தத் தீர்ப்புக்கு இன்னொரு பக்கம் உண்டு. 18 வயது நிரம்பியதும் அந்தப் பாதுகாப்பு நீங்கிவிடுகிறது. அதன்பின் போடும் கையெழுத்து ஒவ்வொன்றும் போட்டவரைக் கட்டுப்படுத்தும். அந்த வயதில்தான் பலரிடம் கேட்கிறார்கள்: “சும்மா பேருக்கு ஒரு கையெழுத்துப் போடு.” மாமா தொடங்கும் கம்பெனிக்கு இரண்டாவது டைரக்டர், நண்பனின் அண்ணன் வாங்கும் கடனுக்கு ஜாமீன், முதலாளியின் கடைக்கு ஊழியர் பெயரில் ஜிஎஸ்டி பதிவு, கமிஷனுக்காக யாரோ பயன்படுத்தும் வங்கிக் கணக்கு என்று அது பல வடிவில் வருகிறது. பெயர் ஒருவருடையது, நிர்வாகம் இன்னொருவருடையது என்பதே எல்லாவற்றுக்கும் பொது. அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பும் இருக்க வேண்டும் என்பது வணிகச் சட்டத்தின் அடிப்படை. வணிக அறத்தின் அடிப்படையும் அதுவே. பெயரைக் கடன் கொடுப்பவர் இந்த இரண்டையும் பிரித்து, அதிகாரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறார்.

அந்தப் பொறுப்பின் அளவை ஜாமீனிலிருந்தே பார்க்கலாம். கடன் வாங்கியவரை முதலில் துரத்திப் பார்த்துவிட்டு, அங்கே கிடைக்காத மிச்சத்துக்குத்தான் நம்மிடம் வருவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரரின் பொறுப்பு. வங்கி நேராக அவரிடமே வரலாம் என்று 1969-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசோலையிலும் இதே நிலைதான். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக்கை வாங்கியவர் நிரப்பிக்கொண்டாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டதென்றே சட்டம் அனுமானிக்கும். அப்படியில்லை என்று காட்ட வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. செக் திரும்பி, நோட்டீஸ் வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால், இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க இடமுண்டு. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, தொழிலின் முழுக் கடனையும் எந்த ஒரு பங்குதாரரிடமிருந்தும் வசூலிக்கலாம். பெயரளவுப் பங்குதாரர் என்று சொல்லித் தப்ப முடியாது.

“நான் எந்தத் தப்பும் செய்யவில்லையே, சட்டம் என்னை எப்படித் தண்டிக்கும்?” என்ற கேள்வி நியாயமானது. பெயருக்கு மட்டும் இருந்தவரையும் ஏமாற்றியவரையும் நீதிமன்றங்கள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. டைரக்டர் பதவியில் இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைச் செக் வழக்கில் குற்றவாளியாக்க முடியாது, நிர்வாகப் பொறுப்பில் இருந்தாரா என்று பார்க்க வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதே தீர்ப்பு, செக்கில் கையெழுத்திட்டவரை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே வைத்தது. மேலும், நிரபராதி என்று நிரூபிக்க ஆகும் ஆண்டுகளுக்கும் வழக்கறிஞர் செலவுக்கும் யாரும் ஈடு தருவதில்லை. சில விளைவுகளுக்கு வழக்குகூட வேண்டியதில்லை. ஒரு கம்பெனி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கணக்குகளையோ ஆண்டறிக்கையையோ தாக்கல் செய்யாவிட்டால், அதன் டைரக்டர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு வேறெந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. இந்த விதியின்கீழ் 2017-இல் மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தகுதி நீக்கம் செய்தது. அப்படிப்பட்ட பட்டியலில் 20 வயதில் பெயர் கொடுத்த மாணவர் ஒருவர் சிக்கினால், பிற்பாடு சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கும்போது கதவு மூடியிருக்கும்.

இதுவரை சொன்னது பெயர் கொடுத்தவருக்கு வரும் ஆபத்து. அறக் கேள்வி அதைவிடப் பெரியது. ஒரு நிறுவனத்துக்குச் சரக்கைக் கடனாக அனுப்பும் வியாபாரியும், அங்கே வேலைக்குச் சேரும் தொழிலாளியும், பங்கு வாங்கும் முதலீட்டாளரும், ஆவணத்தில் உள்ள பெயர்களுக்குப் பின்னால் உண்மையான கண்காணிப்பு இருக்கிறதென்று நம்பித்தான் வருகிறார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை ஐதராபாத்தின் சத்யம் நிறுவனம் காட்டியது. அதன் இயக்குநர் குழுவில் புகழ்பெற்ற கல்வியாளர்களும் ஓய்வுபெற்ற உயர் அதிகாரியும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் நிறுவனத்துக்கு மதிப்பைத் தந்தன. கணக்கில் இருந்த பொய்யை அந்தப் பெயர்களால் தடுக்க முடியவில்லை. பல ஆண்டுகளாகக் கணக்கை ஊதிப் பெருக்கியதாக அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-இல் தானே எழுதிக் கொடுத்தபோது, ஓட்டை சுமார் 7,000 கோடி ரூபாய் என்று தெரிந்தது. 2013-இல் வந்த கம்பெனிச் சட்டம் டைரக்டரின் கடமைகளை முதன்முறையாகச் சட்டப் பிரிவாகவே எழுதியது: நல்லெண்ணத்தோடும், உரிய கவனத்தோடும், சொந்தமாக யோசித்தும் செயல்பட வேண்டும். கவனிக்கப் போவதில்லை என்று தெரிந்தே அந்தப் பதவியை ஏற்பது, தன்னை நம்புகிறவர்களுக்குச் செய்யும் துரோகம்.

“உறவுக்குள் கேட்கும்போது எப்படி மறுப்பது? நம் ஊர் வியாபாரமே நம்பிக்கையில்தானே ஓடுகிறது?” என்பார்கள். உண்மைதான், கடைவீதியில் வாய்ச்சொல்லை நம்பியே பெரிய தொகைகள் கைமாறுகின்றன. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தையும் சட்டம் பொதுவாக ஏற்கிறது. ஆனால் அந்த வாய்ச்சொல்லுக்கு மதிப்பு வந்தது, சொன்னவரே அதற்குப் பொறுப்பேற்பதால்தான். பெயரைக் கடன் வாங்குகிறவர் அந்த மரபையே அறுக்கிறார். அவர் ஏன் தன் பெயரில் செய்யவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பழைய கடன் நிலுவை, ரத்தான பதிவு, மறைக்க வேண்டிய வருமானம் ஆகியவற்றில் ஒன்று பதிலாக வரும். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் தேவை என்பது உண்மை. ஆனால் தனியாக நடத்த விரும்புகிறவருக்கு ஒரு நபர் கம்பெனி என்ற வழியை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. உறவினருக்கு உதவ வேண்டுமென்றால், இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்து உதவலாம். அதில் உங்கள் நஷ்டத்துக்கு ஓர் எல்லை இருக்கும். கையெழுத்தில் அந்த எல்லை இராது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. டைரக்டராக இருப்பவர் எழுத்துமூலம் ராஜினாமா கொடுத்து, அதன் நகலைப் பத்திரப்படுத்தி, டிஐஆர்-11 படிவத்தில் கம்பெனிப் பதிவாளருக்கும் தெரிவிக்கலாம். பதவியில் இருந்த காலத்துக்கான பொறுப்பு நீங்காது, அதனால் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் சுமை கூடும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் ஆபீஸ் மேசையில் கிடந்தால் உடனே வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பாதுகாப்பது உரியவரின் கடமை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம். கூட்டாண்மையிலிருந்து விலகுகிறவர் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஜாமீன்தாரருக்குத் தெரியாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளிலிருந்து அவர் விடுபடுகிறார். கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடம் திரும்பக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய ஒப்புதலை ரத்து செய்யக் கோரலாம். உங்கள் பான் எண்ணில் யாராவது ஜிஎஸ்டி பதிவு எடுத்திருக்கிறார்களா என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடலாம். உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். கணக்கு மோசடிக்குப் பயன்பட்டதாகத் தெரிந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். செக் நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுக்கிவைக்காமல் 15 நாளுக்குள் பதில் அனுப்புங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

வணிகவியல் மாணவருக்கு இதில் இரட்டைப் பொறுப்பு இருக்கிறது. இன்று பெயர் கேட்கப்படுபவர், சில ஆண்டுகளில் கணக்காளராக, ஆடிட்டராக, தொழில் நடத்துபவராக மேசையின் எதிர்ப்பக்கம் உட்காருவார். அப்போது படிக்காத தொழிலாளியின் ஆதார் அட்டையையும் பான் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் அதிகாரம் அவருக்கு வரும். எதற்கு என்று விளக்காமல் அந்தக் கையெழுத்தை வாங்க மாட்டேன் என்று அவர் உறுதியாக இருந்தால்தான் கல்லூரியில் படித்த சட்டத்துக்கும் அறத்துக்கும் பயன் உண்டு.