வடக்கு ஜன்னலும் கிண்டி வெயிலும்

ஓவியம் கற்கத் தொடங்குகிறவர்களுக்கான வழிகாட்டி நூல்களில் ஓர் அறிவுரை அநேகமாகத் தவறாது: வடக்குப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்து வரையுங்கள். அந்தப் பக்கம் நேரடி வெயில் விழாது, வானத்தின் வெளிச்சம் மட்டும் சீராக வந்துகொண்டிருக்கும், வரையும் பொருளின் நிழல் இடம் மாறாது என்பது காரணம். லண்டனிலும் பாரிஸிலும் அது நல்ல அறிவுரை. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். அதே நூலை நம்பிச் சென்னை கிண்டியில் ஒரு மொட்டைமாடி அறையில் ஓவியத் தாங்கியை நிறுத்துகிறவர், மே மாதத்தில் திகைத்துப்போவார். வடக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்திருக்கும்.

கிண்டி நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியனோ ஆண்டுதோறும் 23.4 டிகிரி வரை வடக்கே வந்து திரும்புகிறது. ஆகவே இரண்டு முறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் அது நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நிழலில்லா நாள் என்கிறோமே, அவைதான். ஏப்ரலில் பகல் 12.07 மணி வாக்கில் நட்டுவைத்த கம்பத்துக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு மாதம், சூரியன் உதயம் முதல் மறைவு வரை வானத்தின் வடபாதியிலேயே நடமாடுகிறது. அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில் ஒரு கீற்று வெயில்கூட விழாது. கிண்டியில் கோடைக்கால ஓவியருக்கு ஏற்ற ஜன்னல் தெற்கு ஜன்னல்தான்.

இதைப் பாடமாகச் சொல்லித்தருவது அரிது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளிதான் இன்று எழும்பூர் பக்கம் அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. நவீன ஓவியக் கல்வி நமக்கு ஐரோப்பா வழியாக வந்தது; அதனுடன் ஐரோப்பாவின் சூரியனும் சேர்ந்தே வந்துவிட்டது. டிசம்பர் நண்பகலில் லண்டன் சூரியன் அடிவானத்திலிருந்து வெறும் 15 டிகிரி உயரத்தில் இருக்கும்; நிழல்கள் நீண்டு படுத்துக் கிடக்கும். அதே நாளில் கிண்டியில் 54 டிகிரி. அந்த ஊர்ப் படங்களைப் பார்த்து நீள நிழல் போடப் பழகிய கை, இங்கே நண்பகலில் பொய் வரைகிறது.

வேகமும் வேறு. மார்ச் மாத நடுவில் நம் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக, மணிக்கு 14 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. லண்டனில் 9 டிகிரி சொச்சம். ஓவியர்கள் ஆசைப்படும் பொன்னிற வெளிச்சம், சூரியன் 6 டிகிரிக்குக் கீழே இருக்கும் பொழுது, அங்கே நாற்பது நிமிடத்தை நெருங்கும். இங்கே 25 நிமிடம்தான். அதனால் வெளியில் வரைகிறவர் முதலில் செய்ய வேண்டியது நிழல்களின் எல்லையைக் கோடிட்டுக் கொள்வது. பிறகு நிழல் நகர்ந்தாலும் அதைத் துரத்தக் கூடாது. துரத்தினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும்.

நிழலுக்குக் கறுப்பு பூசுவது ஆரம்ப மாணவர்களின் பழக்கம். நிழல் என்பது வெளிச்சமே இல்லாத இடமன்று, சூரியன் மட்டும் மறைந்த இடம். வானம் அங்கே இன்னும் ஒளி தருகிறது. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைக் காட்டிலும் நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன என்பது இயற்பியலாளர் ராலே கண்ட விதி. ஆகவே வெள்ளைச் சுவரில் விழும் நிழல் நீலம் கலந்தது. தரை செம்மண்ணாக இருந்தால் கீழிருந்து செந்நிறமும் ஏறும். சென்னைக் காற்றில் கடல் ஈரமும் தூசும் அதிகம். அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடித்து வானத்தை வெளுக்க வைப்பதால், நம் நிழல்களின் நீலம் பெரும்பாலும் மங்கலானது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்ட காலையில் அதே சுவரைப் பாருங்கள். நீலம் தெளிவாகத் தெரியும்.

நிழலின் விளிம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. சூரியன் புள்ளியன்று, நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் கருநிழலைச் சுற்றிப் புறநிழல் படிகிறது. நிழல் விழும் தூரத்தில் ஏறத்தாழ 108-ல் ஒரு பங்கு அதன் அகலம். ஒரு மீட்டர் உயரத்து இலையின் நிழல் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கும். 10 மீட்டர் உயரக் கிளையின் விளிம்போ அதைப் போல் பத்து மடங்கு. கிண்டியின் ஆலமரங்களுக்கு அடியில் சிதறிக் கிடக்கும் வெளிச்ச வட்டங்களும் இந்தக் கணக்கில் பிறந்தவையே. இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுவது சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று மரத்தடியைப் பார்த்தவர்களுக்கு அந்த வட்டங்கள் பிறைகளாகத் தெரிந்தன.

கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான். நகரத்துக்குள் இருக்கும் இந்தச் சிறு காட்டில், ஓவியம் கற்பவருக்கு மிகச் சிறந்த ஆசிரியர் மான் என்பேன். உருண்டையான எந்தப் பொருளிலும் மேல்பக்கம் வெளிச்சம், அடிப்பக்கம் நிழல். அந்தப் படிப்படியான மங்கலைப் பார்த்துத்தான் மூளை உருண்டையை உணர்கிறது. மாணவர்கள் பென்சிலில் ஷேடிங் செய்யும்போது செய்வதும் அதைத்தான். மான் இதைத் தலைகீழாகச் செய்கிறது: முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. வெயில் வெளுக்க வைக்கும் இடம் கருத்தும், நிழல் கருக்க வைக்கும் இடம் வெளுத்தும் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. உடல் தட்டையாகிப் புதரோடு கலந்துவிடுகிறது. 1896-ல் இதைக் கண்டு எழுதியவர் உயிரியலாளர் அல்லர். ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். நிழல் போட்டு உருவம் எழுப்பிப் பழகிய கண்ணுக்குத்தான் நிழலைத் துடைத்து உருவத்தை மறைக்கும் வித்தை புலப்பட்டது. விலங்குகளின் நிறம் எல்லாமே ஒளிந்துகொள்ளத்தான் என்று பின்னாளில் அவர் நீட்டியது தவறு. வெளிமானில் ஆணின் கருமை பெண்ணையும் எதிரி ஆணையும் நோக்கிய அறிவிப்பு. ஆனால் பெண் வெளிமானுக்கும், வெயில் வட்டங்களையே முதுகில் ஏந்தியது போன்ற புள்ளிமானுக்கும் தேயரின் முதல் விதி அப்படியே பொருந்துகிறது.

கண்ணை முழுவதும் நம்பவும் கூடாது. மூளை நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் சொந்த நிறத்தைக் காட்டப் பழகியது. 1995-ல் எட்வர்ட் ஏடல்சன் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தில், நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல்தான். எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றாகத் தெரியாது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள் என்று ஓவிய ஆசிரியர்கள் சொல்வது இதற்காகவே. நுணுக்கங்கள் மறைந்து இருளும் ஒளியும் பெரிய திட்டுகளாகப் பிரியும்.

காம்போசிஷன் அங்கேதான் தொடங்குகிறது. வெயில் கொளுத்தும் சாலைக்கும் ஆலமரத்தின் உள்ளிருட்டுக்கும் நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். தாளின் வெண்மைக்கும் கறுப்பு மைக்கும் இருபது முப்பது மடங்குதான். எல்லாவற்றையும் வரைய முடியாது. எதை இருட்டில் விடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். 2021-ல் கொரோனா பறித்துக்கொண்ட ஓவியர் இளையராஜா இதை ஆழ்ந்து அறிந்தவர். வாசலிலோ ஜன்னலிலோ பக்கவாட்டாக நுழையும் நம் ஊர் வெளிச்சத்தை அவர் வரைந்த பெண்களின் முகங்களில் பார்க்கலாம். மீதியை நிழல் எடுத்துக்கொள்ளும்.

ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்போன் புகைப்படத்தைப் பார்த்து வரையச் சொல்வதற்குப் பதிலாக, பிள்ளைகளைக் கிண்டி காந்தி மண்டப வளாகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரே கம்பத்தை டிசம்பர் நண்பகலில் ஒருமுறை, ஜூன் நண்பகலில் ஒருமுறை வரையச் சொல்லுங்கள். டிசம்பரில் நிழல் கம்பத்தின் முக்கால் உயரத்துக்கு வடக்கே விழும். ஜூனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, தெற்கே விழும்.