நடைவண்டி நடத்தும் பாடம்

திருவிடைமருதூர்த் தேரோடும் வீதிகளில் சில வீட்டு வாசல்களில் ஒரு காட்சியைக் காணலாம். மூன்று சக்கர மர நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு குழந்தை தத்தித் தத்தி வரும், விழும், எழுந்து மறுபடியும் தள்ளும். "ஐயோ, விழுந்துவிடும்!" என்று நாம் ஓடிப்போய்த் தூக்குகிறோம். இடுப்பில் இருந்தாலும் குழந்தை அதே தெருவைத்தானே பார்க்கிறது? பிறகு நடப்பதால் என்ன லாபம்?

1963-ல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இத்தகைய கேள்விக்கு விடை தேடினார்கள். இருட்டில் வளர்ந்த இரு பூனைக்குட்டிகளை ஒரு சிறு ராட்டினத்தின் இரு முனைகளில் சேர்த்தார்கள். ஒன்று தன் காலால் நடந்து ராட்டினத்தைச் சுற்றியது. மற்றது தொட்டியில் உட்கார்ந்து சவாரி செய்தது. சுற்றிலும் கோடு போட்ட சுவர். இரண்டும் கண்டது ஒரே காட்சி. தினமும் 3 மணி நேரம் இப்படி; மீதி நேரம் இருட்டு.

பிறகு சோதித்தபோது, நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு விலகியது. சவாரி செய்த குட்டிக்கோ மேடு பள்ளம் தெரியவில்லை! அதன் கண்ணில் குறையில்லை. வெளிச்சத்தில் தானே நடமாட விட்டதும் விரைவில் தேறிவிட்டது.

காரணம் என்ன? அடி எடுத்து வைக்க, மூளை காலுக்குக் கட்டளை இடுகிறது. உடனே கண்ணில் காட்சி மாறுகிறது. 'இவ்வளவு நகர்ந்தேன், காட்சி இவ்வளவு மாறியது' என்று மூளை கணக்குப் போட்டுத் தூரத்தை அறிகிறது. சவாரி செய்தால் இக்கணக்கில் பாதி விடுபட்டுப் போகிறது.

இது குழந்தைக்கும் பொருந்துமா? ஜோசப் கேம்போஸ் குழுவினர் 1992-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பள்ளத்தைக் கண்டு தயங்கும் அறிவு, வயதைவிடத் தவழ்ந்த அனுபவத்தையே பொறுத்தது என்று அது காட்டியது.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், கையும் உடலும் இயங்கினால்தான் அறிவு வளரும் என்று வலியுறுத்தினார். அங்கன்வாடியில் 3 வயதுக் குழந்தை கைகொட்டி ஆடுவதும் குதிப்பதும் வீண் பொழுதுபோக்கு அல்ல. 'மேலே, கீழே, அருகே, தூரே' என்ற சொற்களுக்கு அதன் உடல் பொருள் கற்கிறது. "கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு" என்று அதட்டினால், நாம் பாதிப் புத்தகத்தைப் பிடுங்கி விடுகிறோம்.

மாணவ நண்பர்களே! தம்பி, தங்கையுடன் வாசற்படி ஏறும்போது ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டே ஏறுங்கள். தைப்பூசத் தேர் பார்க்கப் போகையில் கூட்டமில்லாத இடத்தில் இடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். கையைப் பிடித்துக்கொள்வது உங்கள் வேலை. நடப்பது அவர்கள் வேலை.